தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை

இன்று காலை மெக்கானிக் உதிர்த்த ஒரே ஒரு வாக்கியத்தால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மேற்கொண்டு எழுத முடியாது.

என்னுடைய 1986ஆம் ஆண்டுப் பத்மினி கார் இரண்டு மாதமாகக் கன்னங்கரேலென்று புகை கக்கியது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடிய வண்டி 7க்கு இறங்கியது. சிக்னலில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகிறது என்று சொல்ல, பாவம், ஓர் இன்ஜினால் இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும்? 1089 சிசி, நான்கு பிளக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரே கார்புரேட்டர். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. கோளாறு ஒளிந்துகொள்வதற்கு இடமே இல்லாத வண்டி அது.

பானெட்டைத் திறந்ததும் நம் நிபுணர் பிளக்கைக் கழற்றினாரா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்தாரா, சோக் கேபிளை விட்டதும் காற்றை மறிக்கும் மூடி முழுவதுமாகத் திறக்கிறதா என்றாவது குனிந்து பார்த்தாரா? கச்சேரியில் முன்வரிசை ரசிகரைப் போலக் கண்களை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டு, கார்புரேட்டரில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவைத் திருக ஆரம்பித்தார். அரைச் சுற்று உள்ளே, “ம்ஹூம்.” கால் சுற்று வெளியே, “இப்பக் கேளுங்க சார்.” கேட்டேன். அதுவரை இருமிக்கொண்டிருந்த இன்ஜின் இப்போது விக்கியது. அந்தத் திருகாணி ஆள்வது பெரும்பாலும் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் சும்மா ஓடும்போது, போகும் கலவையை மட்டுமே. அறுபதில் போகும்போது வரும் புகைக்கு அதைத் திருகுவது, தாம்பரத்தில் ஒழுகும் குழாய்க்குத் திருவொற்றியூரில் வாஷர் மாற்றுவதைப் போன்றது.

இரண்டாம் முறை போனபோது பழி எத்தனால் கலந்த பெட்ரோல் மீது விழுந்தது. எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். ஆனால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டிய இடத்தில் எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே பழைய கார்புரேட்டரில் அதை ஊற்றினால் காற்று மிஞ்சிக் கலவை இளைக்குமே தவிரக் கொழுக்காது. இதைச் சொன்னதற்கு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திருகினார்.

மூன்றாம் முறை தீர்ப்பே வந்துவிட்டது: “ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கிடலாம். 45,000 ஆகும்.” பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் புகை நீலமாக வரும். கறுப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரிடமா நான் இரண்டு மாதம் கைகட்டி நின்றேன்?

வீட்டுக்கு வந்து நானே பிளக்குகளைக் கழற்றினேன். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். நான்கும் விரலில் ஒட்டும் உலர்ந்த கரியாக இருந்தன. அப்படியென்றால் குற்றவாளி நான்குக்கும் பொதுவான கார்புரேட்டர்தான். அதைத் திறந்து, உள்ளே பெட்ரோலில் மிதந்து அதன் மட்டத்தைக் காக்க வேண்டிய பித்தளை ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினேன். களக், களக். மிதக்க வேண்டியது பெட்ரோலைக் குடித்துவிட்டு முங்கிக் கிடந்திருக்கிறது. அது மேலே தள்ளி வழியை அடைக்க வேண்டிய நீடில் மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. அடுப்பிலிருந்து வெகுதூரம் தள்ளி, மொட்டை மாடியில் வெந்நீர்ப் பாத்திரத்தில் அதை அமுக்கியபோது, விளிம்பில் பற்றவைத்த இடத்திலிருந்து கடுகளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வந்தன. ஊசி முனையளவு ஓட்டை! (அது பால் பாத்திரம் என்பதை வீட்டில் இன்னும் மன்னிக்கவில்லை.) ஈயம் வைத்து அடைத்தால் கனம் கூடி மறுபடியும் முங்குமே என்று பயந்து, புது ஃப்ளோட்டே வாங்கிப் போட்டேன். புகை நின்றது.

இன்று காலை வண்டியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதத்தான் சார் நானும் அன்னைக்கே சொன்னேன்” என்றார். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அவர் கை சட்டைப்பையில் இருந்த ஸ்குரூடிரைவரைத் தேடியது. நான் பானெட்டை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.