'நோ வொரீஸ்' என்றால் கவலையே இல்லை என்று அர்த்தமில்லை

"ஆஸ்திரேலியர்கள் வாய்க்கு வாய் 'நோ வொரீஸ்' என்கிறார்கள், எதற்கும் கவலைப்படாத அலட்சிய ஜனங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. அந்தச் சொல் நம்ம 'பரவாயில்லை' மாதிரிதான். நன்றி சொன்னாலும் அதே பதில், தெரியாமல் காலை மிதித்துவிட்டு ஸாரி கேட்டாலும் அதே பதில்.

கவலையும் அவர்களுக்கு இல்லாமல் இல்லை. அந்நாட்டுப் புள்ளியியல் துறையின் 2020-22 ஆய்வில், 16 முதல் 85 வயதுக்குட்பட்டவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு முந்தைய 12 மாதங்களில் பதற்றக் கோளாறு இருந்தது. ஏறத்தாழ ஆறில் ஒருவர்! வீட்டுக் கடனையும் பாருங்கள். 2022 மே முதல் 2023 நவம்பருக்குள் ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 13 முறை அடிப்படை வட்டியை ஏற்றி, 0.10 சதவீதத்தை 4.35 ஆக்கியது. அங்கே பெரும்பாலான கடன்கள் மாறும் வட்டியில் ஓடுபவை. ஒவ்வொரு ஏற்றமும் மாதத் தவணையாக வீடு வாங்கியவர் தலையில்தான் விடிந்தது.