நெட் போனால் பாட்டும் போகுமா?

சேர்த்து வைத்த பாட்டை வீட்டில் கேட்க, சந்தா கட்டி ஒரு மியூசிக் ஆப் வைத்திருக்கிறேன். பாட்டெல்லாம் என் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. பாட்டை அனுப்பும் சர்வர் கணினி ஹால் அலமாரியில், ஸ்பீக்கர் அதற்கு நாலடி தள்ளி, நடுவில் ஒரு ரவுட்டர். இதில் இன்டர்நெட்டுக்கு என்ன வேலை?

ஆனால் மழை பெய்து ஃபைபர் லைன் அறுந்தால் போச்சு. ரவுட்டரில் சிவப்பு விளக்கு, ஆப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம், கடைசியில் 'லாகினைச் சரிபார்க்க முடியவில்லை'. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டார் என்கிற கதைதான்.

சரி, ஆல்பம் அட்டைப் படத்துக்கும் பாடகர் விவரத்துக்கும் வெளி சர்வர் வேண்டும் என்றால் புரிகிறது, படம் வராவிட்டால் போகட்டும், பாட்டு மட்டும் ஓடட்டுமே, யார் வேண்டாம் என்றார்கள்? ஒரு ஃப்ளாக் (தரம் குறையாத பாட்டு) கோப்பை வீட்டு நெட்வொர்க்கிலேயே ஸ்பீக்கருக்கு அனுப்புவது, வீட்டுக் கருவிகள் பாட்டும் படமும் பகிர்ந்துகொள்ளும் பழைய முறையான டிஎல்என்ஏ காலத்துச் சங்கதி. நேவிட்ரோம், ஜெல்லிஃபின் மாதிரி வீட்டு சர்வர் மென்பொருள் எல்லாம் இலவசம், ராஸ்பெர்ரி பை என்கிற ஒரு சின்னக் கணினியில் போட்டாலே நெட் இல்லாமல் பாடும். சும்மா கொடுப்பவர்களால் முடிகிறது, சந்தா வாங்குபவர்களால் முடியாதாமா?

நெட் திரும்ப வந்துவிடும், அது பெரிய விஷயமில்லை. கம்பெனியே கடையைக் கட்டினால்? 2024-ல் லாஜிடெக் தன் ஸ்க்வீஸ்பாக்ஸ் என்கிற பாட்டுப் பெட்டிகளுக்கான மைஸ்க்வீஸ்பாக்ஸ் இணையதளத்தை மூடியது. அந்தப் பழைய பெட்டிகள் இன்னும் பாடுகின்றன என்றால், அவற்றுக்காக வீட்டிலேயே ஓடும் லிரியன் சர்வர் மென்பொருள் திறமூலமாக, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டும்படி, இருப்பதால்தான். நான் காசு கொடுத்து வாங்கிய ஆப்பில் அந்த வழியும் கிடையாது.

புகார் சொல்ல ஆப்பிலேயே சாட் வசதி இருக்கிறது. அதற்கும் நெட் வேண்டும்.