வீகன் கேக்கில் குளூட்டன் இருக்கலாம்

பிரான்சின் ரெயூனியன் தீவில், சென் தெனி நகரக் கடைகளில் வீகன் என்று விற்கும் கேக், பிஸ்கட் எதிலும் குளூட்டன் இருக்காது, சிலியாக் நோய் (குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்களும் சாப்பிடலாம் என்று ஒரு பதிவு இருக்கிறது. பலர் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன்: அது சரியல்ல.

வீகன் என்றால் முட்டை, பால், வெண்ணெய், தேன் போன்ற விலங்குப் பொருள் எதுவும் இல்லை, அவ்வளவுதான். குளூட்டன் கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் புரதம். காவடி விரதத்துக்கு வாங்கும் முட்டையில்லாத கேக் பெரும்பாலும் கோதுமை மாவில்தான் செய்யப்படுகிறது. நம் ஊர் சர்க்கரைவள்ளி கேக்கோ பல வீடுகளில் மாவே சேராமல் வேகும், ஆனால் முட்டையும் வெண்ணெயும் உண்டு.

சரிபார்ப்பது எளிது. ரெயூனியனில் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் செல்லும். பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். பிரெஞ்சில் பிளே (கோதுமை), ஓர்ஜ் (பார்லி), செக்ல் (ரை) என்று இருக்கிறதா பாருங்கள். ‘சான் குளூட்டன்’ (குளூட்டன் இல்லாதது) என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. பேக்கரியில் பாக்கெட் இல்லாமல் விற்பதற்கும் 2015 முதல் ஒவ்வாமை விவரம் எழுத்தில் இருக்க வேண்டும். கண்ணில் படாவிட்டால் தயங்காமல் கேளுங்கள், அப்புறம் ஒரே அடுப்பில் கோதுமை கேக்கும் சுடுகிறார்களா என்பதையும்; கோதுமை மாவு இதிலும் கலந்துவிடலாம்.