திருமலையில் எடுத்த படம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருமலைக்குப் போயிருந்தோம். திருப்பதித் திருமலை அல்ல, நம் போளூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருமலை. அங்கே பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் 16 அடி உயரத்தில் நிற்கிறார். திகம்பரர். உடம்பில் ஒரு நூல்கூடக் கிடையாது. அடிவாரத்தில் இருப்பது ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரால் விளங்கும் ஜினாலயம், சமணக் கோயில். சிலையின் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நகர மனம் வராமல் நின்றேன். ஒரு படம் எடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் சித்தப்பா முறையுள்ள ஒருவர் எழுதினார்: "பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதையா போடுவது? அழித்துவிடு. நம் பண்பாடு என்ன ஆவது?"

நான் அழிக்கவில்லை. பெரியவரிடம் அங்கே மல்லுக்கு நிற்க வேண்டாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பண்பாடு சித்தப்பா? ஆரணி, வந்தவாசி, போளூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணரான நயினார் வீடுகளில் குழந்தைகள் இந்த உருவத்தைக் கும்பிட்டுத்தான் வளர்கின்றன. பொன்னைக்குப் பக்கத்தில் வள்ளிமலைக்கு முருகனைப் பார்க்க ஏறுகிறோமே, அந்த மலையிலும் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சமணம் வேறு சமயம் என்பீர்கள். சரி, பிச்சாடனர் யார்? தாருகாவனத்துக்கு ஆடையில்லாமல் பிச்சைக்குப் போன நம் சிவன்தானே. திருவெண்காட்டுச் செப்புத் திருமேனி தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. இடுப்பில் ஒரு பாம்பைத் தவிர ஆடை எதுவும் இல்லாமல் அப்படி ஓர் அழகோடு நிற்கிறார். அதை வார்த்த சோழநாட்டுச் சிற்பிக்குப் பண்பாடு தெரியாதா?

என் ஆயாவைச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பெற்றவள். ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். தானாக ஒருநாளும் ரவிக்கை போட்டதில்லை. அந்தத் தலைமுறைக் கிழவிகள் பலர் எங்கள் ஊரில் அப்படித்தான் இருந்தார்கள். வெறும் தோளோடு களை எடுத்தாள், வெறும் தோளோடு கோயிலுக்குப் போனாள், அதே தோளில் எங்களைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தாள். யாரும் அவளைக் குறையாகப் பார்த்து நான் அறியேன். என் அக்காவின் கல்யாணத்தின்போதுதான் வந்தது சிக்கல். போட்டோக்காரர் வருகிறார், மாப்பிள்ளை வீட்டார் வேலூர்க்காரர்கள், கிழவி இப்படி நின்றால் மானம் போய்விடும் என்று மாமி ஒரு ரவிக்கையை வலுக்கட்டாயமாகப் போட்டுவிட்டாள். அந்தப் படம் இன்றும் எங்களிடம் இருக்கிறது. கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல ஆயா உட்கார்ந்திருக்கிறாள். எழுபது வயதுவரை இல்லாத கூச்சத்தை ஒரே காலையில் அவளுக்குக் கொடுத்துவிட்டோம். நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

இதைச் சொன்னதும், "அப்படியானால் எல்லோரும் துணியில்லாமல் திரியலாம் என்கிறாயா?" என்று ஒருவர் வருவார். இல்லை ஐயா. தெற்கே போய்த் திருவிதாங்கூரைப் பாருங்கள். அங்கே ஒருகாலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்பதுதான் சட்டம். மேல்சாதியாருக்கு முன்னால் திறந்த மார்போடு நிற்பதே மரியாதை என்று வைத்திருந்தார்கள். தோள்சீலை போட்ட நாடார் பெண்களை அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் மூடிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்தது. அப்போதும்கூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை! அந்தப் பெண்கள் மூடிக்கொள்ளப் போராடினார்கள், என் ஆயா மூடாமல் நிம்மதியாக இருந்தாள். இரண்டு பக்கமும் நான் அந்தப் பெண்களோடுதான் நிற்பேன். என் கோபமெல்லாம், அடுத்தவர் உடம்பின் மேல் உத்தரவு போடக் கிளம்புகிறவர்கள் மேல்தான்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி எதனால் வந்தது? நெற்றியில் குறி இடாதே, காதில் கடுக்கன் போடாதே, தாடியை எடு, தோல் குஞ்சம் வைத்த இந்தப் புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று கும்பெனி போட்ட உத்தரவும் ஒரு காரணம். சிப்பாய்களின் உடம்பில் கை வைத்தார்கள், கோட்டை பற்றி எரிந்தது.

வெட்கம் காலத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பழைய கிரேக்கத்தில் ஒலிம்பிக் வீரர்கள் ஆடையில்லாமல்தான் ஓடினார்கள். மிக்கேலாஞ்சலோ 1541இல் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் இருந்த உருவங்களுக்கு, அவர் இறந்த மறு வருடமே வேறொரு ஓவியரை வைத்துத் துணி வரைந்து மூடினார்கள். ஜப்பானில் ஆணும் பெண்ணும் பொதுக் குளியலறையில் சேர்ந்து குளித்துவந்தார்கள். மேலைநாட்டார் வந்து முகம் சுளித்த பிறகு, அவர்கள் கண்ணுக்கு நாகரிகமாகத் தெரிய வேண்டும் என்று 1872இல் தோக்கியோவில் அதற்கும், வெற்றுடம்போடு தெருவில் நடப்பதற்கும் தண்டனை வைத்தார்கள். அமெரிக்காவிலோ 1930களில்கூட ஆண்கள் மேலாடை இல்லாமல் கடலில் குளித்ததற்காகக் கைதாகியிருக்கிறார்கள். என் தோழியின் மகன் பின்லாந்தில் படிக்கிறான். அங்கே சானா என்னும் நீராவி அறையில் குடும்பமே ஆடையில்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்தில் பிரசவமும் அந்த அறையில்தானாம். முதல் நாள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தவன், மூன்றாம் வாரம் அதை மறந்தே போனதாகச் சொன்னான்.

நம் உச்ச நீதிமன்றமும் 2014இல் ஒரு வழக்கில், ஒரு படத்தில் ஆடை இல்லை என்பதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது என்று சொல்லிவிட்டது.

இவ்வளவும் நான் எழுதுவது சித்தப்பாவோடு வாதாடி ஜெயிப்பதற்காக அல்ல. வெட்கம் ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும்.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் உண்டா? 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் அவரிடம் ஓடி வந்தார்கள். மூன்று பேருக்கும் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். என் அப்பா மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் அந்த இளம்பெண். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று மூவருமே மறுத்துத் திரும்பினார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்க வைத்தது, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்க வைத்தது. இன்று இந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள் காட்பாடியில் ரயில் விட்டு இறங்குவதற்குக் காரணம் அந்த இரவு.

நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே வேலூரில், அந்த மருத்துவமனைக்கு அரை மணி நேரத் தொலைவில் இருந்த என் அம்மா, மார்பில் வந்த கட்டியை ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நான் கூடவே இருந்தேன். அப்பா இருந்தார். பஸ் வாசலிலேயே நிற்கும். "அதை எப்படிடீ வாய் விட்டுச் சொல்வது?" என்றுதான் பிறகு கேட்டாள். ரவிக்கை இல்லாமல் எழுபது வயதுவரை தலைநிமிர்ந்து வாழ்ந்தவளின் மகள் அவள்.

தாழ்ப்பாள் போட்ட குளியலறையிலும் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் அம்மா குளிப்பாள். சுவருக்கு முன்னால்கூட அவளுக்குக் கூச்சம். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், கையைத் தூக்க முடியாத நிலையிலும், பாவாடையைக் கட்டிவிடு என்று முதலில் கேட்டாள். கட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் முதுகு தேய்க்கக் கூப்பிட்டாள். உள்ளே போனால் பாவாடை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா முக்காலியில் உட்கார்ந்து, தழும்பு இருந்த பக்கத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. "தண்ணீர் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கட்டும்" என்றாள்.