பத்தாயிரம் எல்லாம் இல்லீங்கண்ணா

படகுல வந்த இலங்கைக்காரங்க தலைக்கு மாசம் பத்தாயிரம் வாங்கிட்டு சும்மா உக்காந்திருக்காங்கனு போட்டிருக்கீங்களே, தப்புண்ணா. தமிழ்நாடு அரசு உதவித்தொகைய 2021ல ஏத்துனதுக்கு அப்புறமே மாசம் குடும்பத் தலைவருக்கு 1500, மத்த பெரியவங்களுக்கு 1000, பிள்ளைங்களுக்கு 500, பணம் அவ்ளோதான், ரேஷன் அரிசி தனி. அவங்க தங்கியிருக்குற அகதிகள் முகாம் நம்ம சேலம் மாவட்டத்துலயே இருக்கு, போய்தான் பாருங்களேன். எங்க அஸ்தம்பட்டி வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சவர் முகாம்காரர்தான், முகாம்ல ஆள் இருக்காங்களானு பாக்குற செக்கிங் நாள்னா பாதி செவுத்தோட பிரஷ்ஷ கழுவி வெச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாரு, இவரா சும்மா உக்காந்திருக்காரு? 2022ல வந்தவங்கள்ல சில பேர தனுஷ்கோடி பக்கம் மணல் திட்டுல எறக்கிவிட்டுட்டு படகு போயிடுச்சு, கைக்குழந்தையோட நின்னவங்கள கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட்ல போய் கூட்டிட்டு வந்துச்சு. சொகுசுக்கா அப்படி வருவாங்க? இவங்களுக்கு குடியுரிமை குடுத்துட்டாங்கன்னு நீங்க போட்டதும் பொய், 2019 குடியுரிமை திருத்தச் சட்டத்துல இலங்கை பேரே இல்ல. பதிவ மாத்திருங்கண்ணா.