கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டது, சரி. அதற்கு?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் படம் போட்டபோது என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லப்போவதில்லை. அவசியமும் இல்லை, அந்தக் குரல் அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

'கிரீன் ஃபார் டேஞ்சர்', 1946. சிட்னி கில்லியட் இயக்கிய இங்கிலீஷ் துப்பறியும் படம். பாதிகூட ஓடவில்லை, அதற்குள் திரையில் நின்ற ஒருவரை நோக்கி விரலை நீட்டி, "கொலை பண்ணது இவங்கதாங்க, நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்" என்கிறார். கண்டுபிடித்தாராம்! முகத்தில் செல்போன் வெளிச்சம் அடித்ததை நானும் பார்த்தேன் ஐயா.

இந்த ஆளுக்காகவே அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. இன்ஸ்பெக்டர் காக்ரில் (அலஸ்டெர் சிம், என்ன முகம் அது!) படுக்கையில் துப்பறியும் நாவல் படிக்கிறார். குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்ட மிதப்பில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறார். தப்பு. முகம் தொங்கிப்போகிறது. அவராவது தனியாக ஏமாந்தார். பக்கத்து அறைக் கதவைத் தட்டி யாரிடமும் சொல்லவில்லை.

தெரிந்துவிட்டது, சரி. அதற்கு? 1944 ஆகஸ்ட், இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு போர்க்கால மருத்துவமனை. குண்டுவீச்சில் அடிபட்ட போஸ்ட்மேன் ஆபரேஷன் மேசையில், கத்தி படும் முன்பே, மயக்க மருந்திலேயே செத்துப்போகிறார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காப்பாற்ற வந்தவர்கள், அவர்களில் ஒருவர் கொன்றவர். அந்தச் சந்தேகத்தோடு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதுதான் படம். தலைப்பில் ஏன் பச்சை என்று நான் சொல்லமாட்டேன், போய்ப் பாருங்கள்.

"எண்பது வருஷப் பழைய படத்துக்கு என்ன ரகசியம்?" என்பீர்கள். என் அம்மாவுக்கு அது ஞாயிற்றுக்கிழமைதான் ரிலீஸ். "முடிவு தெரிந்தாலும் நல்ல படத்தை ரசிக்கலாமே?" ரசிக்கலாம், நானே நாலு தடவை பார்த்தேன். ஆனால் முதல் தடவை என்பது ஒரே தடவைதான். அதைப் பிடுங்க நீங்கள் யார்?

ஆறாம் வகுப்பில் வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு நாவலின் முதல் பக்கத்தில் எவனோ பென்சிலால் 'வக்கீல்தான் கொலைகாரன்' என்று எழுதி வைத்திருந்தான். பென்சில் பொய் சொல்லியிருக்கும் என்று நம்பிக் கடைசிவரை படித்தேன். பொய் இல்லை. நாற்பது வருஷம் ஆகியும் அந்தக் கையெழுத்து மறக்கவில்லை. சின்ன விஷயம்தான். சின்ன விஷயம் என்று நான் சொல்லலாம், நீங்கள் சொல்லக்கூடாது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாகக் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வானத்தில் ஜெர்மனி ஏவிய அந்த ஆளில்லாப் பறக்கும் குண்டின் இரைச்சல் சட்டென்று நின்றபோது, "நின்னா நல்லதுதானேடா?" என்றாள். இல்லம்மா, நின்றால் இன்ஜின் அணைந்துவிட்டது, இனி விழப்போகிறது என்றேன். அதற்கப்புறம் இரைச்சல் கேட்டபோதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படி உட்கார்ந்திருந்தவள், அந்த விரல் நீண்டதும், "பாலுக்கு உறை ஊத்தணும்" என்று எழுந்து போய்விட்டாள். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். ஒருவர்கூட "ஏங்க இப்படி?" என்று கேட்கவில்லை. ப்ரொஜெக்டர் வாடகை என்னுடையது, திரையாகக் கட்டிய வேட்டி அப்பாவுடையது, போண்டா அம்மா போட்டது. அதற்கு மட்டும் யாரும் முடிவு வரை காத்திருக்கவில்லை.

நேற்று காலை காபியை வைத்துவிட்டு அம்மா கேட்டாள்: "அந்த இன்ஸ்பெக்டர் ஆரம்பத்துலேர்ந்து யாருக்கோ ரிப்போர்ட் எழுதிட்டிருந்தாரே, கடைசியில அதுல என்னடா எழுதினார்?"

சொல்லமாட்டேன் என்றேன். இன்று ராத்திரி மீதியைப் போடுகிறேன். மாடிக் கதவு பூட்டியிருக்கும்.