கிளட்ச் பிளேட்டுக்கு இல்லாத வாரண்டி

நேற்று ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் கேட்டார். "கோயம்புத்தூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்து வெச்சிருக்கோம். எக்ஸ்டெண்டட் வாரண்டி போடச் சொல்றாங்க, இருபத்தஞ்சாயிரமாம். போடலாமா?" நான் ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

2024 நவம்பரில் நானும் வீட்டுக்காரரும் இதே கேள்வியோடு கோவையில் ஒரு ஷோரூமில் உட்கார்ந்திருந்தோம். 2018 மாடல், பெட்ரோல், கையால் கியர் போடும் சின்ன வண்டி, 48,000 கிலோமீட்டர் ஓடியது. (எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.) விலை பேசி, டோக்கன் அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் அந்தப் பையன் ஒரு மடித்த அட்டையை எடுத்து நீட்டினான். "மேடம், 21,500 கட்டிட்டீங்கன்னா ரெண்டு வருஷத்துக்கு எதையும் யோசிக்கவே வேண்டாம். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாமே கவர்."

யோசிக்க வேண்டாம் என்று யார் சொன்னாலும் எனக்கு அங்கேதான் யோசனை ஆரம்பிக்கும். பதினாறு வருஷம் விடைத்தாள் திருத்திய புத்தி. அட்டையில் எதெல்லாம் கவர் என்று கலர் கலராக இருந்தது. எதெல்லாம் இல்லை என்பதைக் காணோம். முழு நிபந்தனைகளையும் கேட்டேன். "அது பாலிசி போட்ட அப்புறம் மெயில்ல வரும் மேடம்." வந்த பிறகுதான் பணம் என்றேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. 14 பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது விஷயம். கிளட்ச் பிளேட், பிரெஷர் பிளேட், பிரேக் பேட், பிரேக் ஷூ, டயர், பேட்டரி, வைப்பர், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாம் தேய்மானப் பொருட்களாம், கவர் கிடையாதாம். திருப்பூரிலோ ஈரோட்டிலோ இருப்பவர் இதைப் படித்துவிட்டு 'நியாயம்தானே' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். மலைமேல் கோத்தகிரி பக்கத்தில் அரவேணுவில் குடியிருந்துகொண்டு, வாரம் தவறாமல் கீழே காரமடையில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போய்வரும் எனக்கு, செலவு வைக்கும் வண்டியே அந்த ஒரு பத்திக்குள்தான் இருந்தது.

மலையில் ஓட்டாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறக்கம். திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம். முன்னால் லாரி போனால் வளைவுக்கு வளைவு நின்று, ஹாஃப் கிளட்சில் பிடித்து, மறுபடி நகர்த்த வேண்டும். அதிலேயே கிளட்ச் பிளேட் கருகும். மேலே போகப் போக காற்றின் அடர்த்தியும் குறையும். கோத்தகிரி உயரத்தில் சமவெளியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு அந்த அளவு மூச்சு வாங்கும், கியரை இறக்கி இன்னும் முறுக்க வேண்டியிருக்கும். இறங்கும்போது நம் ஊர்க்காரர்கள் இரண்டாவது கியரில் இறங்குவார்கள், பிரேக் பிழைக்கும். நியூட்ரலில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடியே போகிறவர்களின் வண்டியிலிருந்து, வழியில் இருக்கும் குஞ்சப்பனை வருவதற்குள் கருகல் வாடை வரும், முகர்ந்தாலே தெரியும். டயர் ஓரம் தேய்வது, சஸ்பென்ஷனில் லிங்க் ராட் லொடலொடப்பது, லோயர் ஆர்ம் புஷ் பிய்வது எல்லாம் இங்கே வருஷா வருஷம் வரும் விருந்தாளிகள். கீழே வண்டி விற்கப் போனால் நீலகிரியின் டி.என். 43 நம்பரைப் பார்த்தவுடனே புரோக்கர் "மலை வண்டியா?" என்று இழுப்பது சும்மா இல்லை.

அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த இன்னொன்று ஏ.சி. கம்ப்ரஸர். நாங்கள் ஏ.சி. போடுவதே கண்ணாடியில் பனி படிந்தால் துடைக்கத்தான்.

சரி, இன்ஜினாவது கியர்பாக்ஸாவது போனால்? அதற்கும் வழி சுற்றித்தான் இருந்தது. அவர்கள் பட்டியலில் உள்ள ஒர்க்‌ஷாப்பில்தான் பார்க்க வேண்டும், எனக்குக் கிட்டத்தில் இருந்தது கோவை. சர்வீஸும் அங்கேயே, சொன்ன தேதிக்குள். ஒரு சர்வீஸ் தவறினால் வாரண்டி செல்லாது. நின்றுபோன வண்டியை இழுத்துப் போகும் டோயிங் 25 கிலோமீட்டர் வரை இலவசம். கோத்தகிரியில் வண்டி நின்றால் அந்த 25 கிலோமீட்டர் குஞ்சப்பனை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். அங்கே யானைகள் வரும் பலாப்பழ சீசனாக இருந்தால் மீதி தூரத்துக்கு யானையைத்தான் கேட்க வேண்டும். ஆறு வருஷ வண்டி என்பதால் பாகத்தின் விலையில் 40 சதவீதம் நான் கட்ட வேண்டும். விற்கும்போதே இருந்த கோளாறு என்று அவர்கள் ஆள் சொல்லிவிட்டால் அதுவும் கவர் இல்லை. வண்டியை 'முழுசா செக் பண்ணியாச்சு' என்று சான்றிதழ் கொடுத்தவர்களும் அதே ஆட்கள்தான் என்பதை அங்கேயே சொன்னேன். பையன் தண்ணீர் பாட்டில் கொண்டுவரப் போய்விட்டான்.

வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறுத்திவைத்த வண்டிமேல் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ வாரண்டிக்கு அதில் சம்பந்தமே இல்லை. அது முழு இன்சூரன்ஸின் வேலை. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் அதுவும் வராது. தேயிலைத் தோட்டத்து எலி ஒயரைக் கடித்தால் வாரண்டிக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். ஸ்டீரியோவுக்கோ பனி விளக்குக்கோ வெளியில் ஒயரை வெட்டி ஒட்டியிருந்தாலும் அப்படித்தான்.

வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு எதுவும் பிடிக்கவில்லை. "ராத்திரி பனியில, குழந்தைகளோட வளைவுல நின்னுட்டா என்ன பண்ணுவே?" என்றார். அந்தப் பயம் எனக்கும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஷோரூமில் 21,500 ரூபாய்க்கு எங்களிடம் விற்கப் பார்த்தது அந்தப் பயத்துக்கான மருந்தைத்தான். ஆனால் பனியில் நிற்கும்போது வேண்டியது ஆள் வந்து இழுத்துப் போவது. இன்சூரன்ஸோடு ரோட்சைட் அசிஸ்டன்ஸ் என்று சேர்த்துக்கொண்டால் சில நூறு ரூபாய்தான். அதைப் போட்டோம். ஒரு தடவை கூப்பிட்டும் இருக்கிறேன். கீழேயிருந்து ஏறி வர மூன்று மணி நேரம் ஆனது, ஆனாலும் வந்தார்கள்.

வாரண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த 21,500-ஐ வங்கியில் தனிக் கணக்கில் போட்டேன். மாதம் ஆயிரம் சேர்த்தேன். வண்டியை ஊருக்குக் கொண்டுவந்த மறுநாள் எங்கள் மெக்கானிக்கிடம் காட்டினேன். அடியில் படுத்து எழுந்து வந்தவர், "வாங்கறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல டீச்சர்" என்றார். "அண்ணா, சிசேரியன் முடிஞ்ச அப்புறம் டாக்டரை மாத்தச் சொல்றீங்களே" என்றேன். அவர் சொன்னதுதான் சரி. முந்நூறு, ஐந்நூறு கொடுத்து நமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கையோடு கோவைக்குக் கூட்டிப்போவதைவிடப் பெரிய வாரண்டி எதுவும் அந்த அட்டையில் இல்லை.

பதினான்கு மாதக் கணக்கு இது. கிளட்ச் செட் கூலியோடு 9,400. பேடும் ஷூவும் 4,200. லிங்க் ராட், புஷ் 3,100. டிசம்பர் குளிரில் பேட்டரி உயிரை விட்டது, 4,600. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 6,800. ஆக 28,100. கணக்கில் போட்டது 35,500, மிச்சம் 7,400. இதில் வாரண்டிக்குள் வந்திருக்கக்கூடியது ஆல்டர்னேட்டர் ஒன்றுதான். அதிலும் 40 சதவீதம் போக, அவர்கள் கொடுத்திருப்பது நாலாயிரத்துச் சொச்சம். கோவைக்குப் போய்வர ஒரு நாள் லீவு தனி. வீட்டுக்காரர் இன்னும் அந்த ஆல்டர்னேட்டரை மட்டும் மறக்காமல் சொல்லிக்காட்டுகிறார்.

ஆனால் எல்லோருக்கும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. திருப்பூரில் இருக்கும் என் அக்கா வீட்டு மாமா ஆட்டோமேட்டிக் டீசல் வண்டி வாங்கும்போது வாரண்டி போட்டார், ஒன்பதாம் மாதம் கியர்பாக்ஸ் போனது. கையிலிருந்து கொடுத்திருந்தால் லட்சத்தைத் தாண்டியிருக்கும். அவருக்கு ஒர்க்‌ஷாப் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், காமன் ரெயில் டீசல் இன்ஜெக்டர் மாதிரி ஒரே அடியில் பெரிய பணம் கேட்கும் வண்டி என்றால் நானும் போட்டிருப்பேன். மூன்று, நான்கு வருஷ வண்டி என்றால், வண்டி கம்பெனியே கொடுக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியை முதல் ஓனர் ஏற்கனவே வாங்கியிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது புது ஓனர் பெயருக்கு மாறும், சர்வீஸ் சென்டரில் எழுதிக்கொடுத்து மாற்ற வேண்டும். கேட்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர். ஷோரூமும் வெளி நிறுவனமும் சேர்ந்து விற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஏற்கனவே போட்டு, கிளெய்மை மறுத்துவிட்டார்களா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இதற்காக மலை இறங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் சுருக்கி அந்த டீச்சருக்கு ராத்திரி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தேன். டோக்கன் கொடுக்கும் முன் முழு நிபந்தனைகளையும் வாங்கிப் படியுங்கள், கவர் இல்லாத பட்டியலை முதலில் பாருங்கள் என்றேன். இன்று காலை ஷோரூமுக்கு போன் செய்து கேட்டாராம். பாலிசி போட்ட அப்புறம் மெயிலில் வரும் என்றார்களாம்.